சிரிப்பு வந்தாத்தான் படம்

மாமியார், கஞ்சன், சாப்பாட்டு ராமன், காது கேக்காத கிழவன். சிரிப்புப் படத்துக்கு யோசனைன்னு இந்த நாலு பேர்ல ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வந்தீன்னா வேலிக் கடவு வாசலோட அப்படியே திரும்பிப் போயிருன்னு மாப்பிள்ளை ஆரம்பத்துலயே சொல்லிட்டான். அவிய நாலு பேரையும் மெட்ராஸ்காரங்க வரைஞ்சு வரைஞ்சு தேச்சுட்டாங்களாம். "எவனும் சிரிக்கணும்னு நினைக்காத சாமானாப் பாத்துக் கொண்டா மச்சான். பானை மூடி, ஏணி, உப்பு மூட்டை. அதுல சிரிப்பு எடுத்துக் காட்டு, அப்ப ஒத்துக்கிறேன் உனக்கு மூளை இருக்குதுன்னு." அப்படித்தான் பேசுவான், திமிர் புடிச்சவன்.

மாப்பிள்ளைன்னா என்ற தங்கச்சி புருஷன். அதுக்கு முந்தியே எங்க அத்தை பையன். ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துல ஒரே பிரம்புல அடி வாங்கினவங்க. எங்களுக்கு ஊரு பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோபாலபுரத்துக்குப் போற தடத்துல. இந்தப் பக்கம் கொச்சி ராஜா சீமை, அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் சீமை. அவன் தோட்டமும் என்ற தோட்டமும் பக்கத்துப் பக்கத்துல. கடலை போடுவோம், ராகி போடுவோம், கிணத்துல மாட்டைப் பூட்டிக் கவலை இறைப்போம். அதுக்கு நடுவுல அவன் சிரிப்புப் படம் போட்டு மெட்ராஸ்ல ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்புவான். யோசனை என்றது, கை அவன்றது. எனக்கு ஒரு கோடு நேரா வராது. அவனுக்குச் சுயமா ஒரு சிரிப்பும் தோணாது. இதை அவன் கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்லை.

எப்படி யோசனை எடுக்கிறதுன்னு கேக்கறீங்களா? கஷ்டமே இல்லீங்க. எந்தச் சாமானா இருந்தாலும் அதுக்கு ஒரு குறை இருக்கும், இல்லாட்டி ஒரு பெருமை இருக்கும். பக்கத்துல போயி உக்காந்து, "உனக்கு என்னடா குறை?"ன்னு கேக்கோணும். சேவலைக் கூடை போட்டுக் கவுத்து வைக்கிறோம்ல, அந்தப் பஞ்சாரத்துகிட்ட ஒரு நாள் போயி உக்காந்தேன். உள்ளே இருக்கிற சேவல் என்ன நினைக்கும்? இந்த உலகத்தையே நான் வெளியில போட்டுப் பூட்டிட்டேன்னு நினைக்கும். பொட்டைக் கோழிககிட்டப் பெருமை வேற பேசும். இதைச் சொன்னதும் மாப்பிள்ளை கடலைக்கொடி மேலயே உருண்டான்.

அப்புறம் கவலை மாடுக. தண்ணி இறைக்கையில முன்னால இறங்கிப் போயி, பின்னாலயே நடந்து மேட்டுக்கு வருமே, அதுக ரெண்டும் ரயில் ஏறினா எப்படி உக்காரும்? முதுகை எஞ்சினுக்குக் காட்டித்தான் உக்காரும். டிக்கெட் பரிசோதகர் வந்து கேட்டா, "எங்களுக்கு ஊரு பின்னாலதானுங்க வரும்"னு சொல்லும். சோளக் காட்டுப் பொம்மைக்கு, காட்டுக்குச் சொந்தக்காரப் பண்ணாடியோட பழைய கோட்டை மாட்டி விட்டிருந்தாங்க. எங்க படத்துல அதைப் பாத்து நாலு ஆளுக துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுக் கும்பிட்டு நிக்கறாங்க, பொம்மை தலை மேல காக்கா உக்காந்து கூலி பேசுது. இது பத்திரிகையில வந்தப்போ நிசப் பண்ணாடி ஒருத்தரு எங்களோட பேச்சையே நிறுத்திட்டாரு. அந்தாளு கோட்டைப் பாத்துத்தான் போட்டோம், அது வேற விசயம்.

ஊரெல்லாம் பேசின படம் ஆட்டுப் படம்தான். எல்லையில புகையிலைக்குச் சுங்கச் சவுக்கை வச்சிருந்தாங்க. மடியை அவுத்துப் பாப்பாங்க, வண்டிக்கு அடியில குனிஞ்சு பாப்பாங்க. ஒரு வெள்ளாடு அந்தப் பக்கத்துல புகையிலைச் செடியைத் தின்னுட்டு இந்தப் பக்கம் வந்து நிக்குது. சவுக்கைச் சிப்பாய் அதுக்குப் பின்னால ஒரு கூடையை வச்சுக்கிட்டு, சரக்கு எப்ப இறங்கும்னு குத்த வச்சுக் காத்துக்கிட்டிருக்கான். அவ்வளவுதான் படம். சவுக்கைக்காரங்களே அதைக் கத்தரிச்சுச் செவுத்துல ஒட்டிக்கிட்டாங்க.

ஆனா மாப்பிள்ளைக்கு ஒரு பழக்கம். முதல்ல சிரிக்கோணும், அப்புறம்தான் கை போகும். நான் சொல்லுவேன், அவன் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பான், அந்தச் சிரிப்பு அடங்கறதுக்குள்ள மசியைத் தொட்டு வரைஞ்சிரோணும். அடங்கிருச்சுன்னா அந்தப் படம் செத்த படம், தூக்கிப் போட்டுருவான். அதனால அவன் கோடெல்லாம் ஒரு மாதிரி குலுங்கி இருக்கும். பத்திரிகை ஆசிரியர் ஒரு தடவை, கோடு ஏன் இப்படி நடுங்குது, கொஞ்சம் நிதானமாப் போடுங்கன்னு எழுதினாரு. நிதானமா ஒண்ணு போட்டு அனுப்பினான். பழைய மாதிரியே போடுங்கன்னு அடுத்த தபால்லயே பதில் வந்துச்சு.

என்ற தங்கச்சி இதுல எதுலயும் கலந்துக்க மாட்டா. "ரெண்டு எருமைக இருக்குது, கறக்கறதுக்குத்தான் வழியில்லை"ன்னு எங்களைச் சொல்லிட்டுத் தண்ணிக்குப் போயிருவா. ஆனா அவன் சிரிக்கிற சத்தம் கேட்டா, செய்யற வேலையைச் சித்த நிறுத்திட்டுக் கேப்பா. அதை நான் பல தடவை பாத்திருக்கேன்.

ஒரு ஆடி மாசம். எங்க பக்கத்து ஆடிக் காத்து உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. கணவாய் வழியா வந்து பனைமரத்தையெல்லாம் சாய்ச்சு வச்சு அடிக்கும். கிணத்து மேட்டுல உக்காந்து ஏதோ ஒரு யோசனை சொன்னேன். என்ன சொன்னேன்னு இன்னைக்கும் ஞாபகத்துக்கு வரலை, எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன். அவன் சிரிச்சான், சிரிப்பு இருமலாச்சு, இருமல் நிக்கலை. காகிதத்துல மசி இல்லாத எடத்துல செகப்பா ஒரு பொட்டு விழுந்துச்சு. அவனும் பாத்தான், நானும் பாத்தேன். வெத்தலை போட்டேன்னு சொன்னான். அவன் வெத்தலை போடறதே இல்லை.

பாலக்காட்டுல இருந்து ஒரு டாக்டரைக் கூட்டிக்கிட்டு வந்தோம். குழாயை நெஞ்சுல வச்சுக் கேட்டாரு, முதுகுல தட்டிக் கேட்டாரு. சயரோகம். மலையாளமும் தமிழுமாப் பேசற மனுசன், நல்ல மனுசன்தான். "உள்ளே புண்ணு ஆறணும். பேச வேண்டா, நடக்க வேண்டா. முக்கியமாட்டு சிரிக்கவே வேண்டா. சிரிச்சா புண்ணு பொளியும், ரத்தம் வரும்"னாரு. அந்தக் காலத்துல அந்த நோய்க்கு வைத்தியமே அதுதான். சும்மா கெடக்கோணும், காத்துல கெடக்கோணும், பாலும் முட்டையும் சாப்பிடோணும்.

தோட்டத்துல வேப்பமரத்துக்கு அடியில ஓலை வேஞ்சு ஒரு சாளை போட்டு, அதுல கயித்துக் கட்டிலைப் போட்டு அவனைப் படுக்க வச்சாங்க. மறுநாள் காலையில நான் போறேன், வேலிக் கடவுல என்ற தங்கச்சி நிக்கறா.

"அண்ணா, நீங்க இனி வர வேண்டாமுங்க."

நான் வேடிக்கைக்குச் சொல்றான்னு நினைச்சேன். "ஏம்மிணி, சும்மா பாத்துட்டு, வாயே திறக்காம வந்தர்றேன்."

"வாய் திறக்காட்டியும் வேண்டாமுங்கண்ணா. உங்க மூஞ்சியப் பாத்தாலே அவருக்குச் சிரிப்பு வருது."

நெசந்தான். அந்தப் பக்கம் எட்டிப் பாத்தேன். அவனும் கட்டில்ல இருந்து என்னைப் பாத்துட்டான். நான் ஒண்ணுமே செய்யலீங்க, சாமி சத்தியமா ஒண்ணுமே செய்யலை. அவன் வாயைத் துண்டால பொத்திக்கிட்டான், கட்டில் குலுங்க ஆரம்பிச்சுருச்சு. தங்கச்சி என்னைத் திரும்பிப் பாத்த பார்வை இருக்குதே. நான் அப்படியே வந்துட்டேன்.

எங்க சனத்துல மச்சானும் மாப்பிள்ளையும் கேலி பேசியே ஆகோணும். அது முறை. பேசாட்டித்தான் ஏதோ சண்டையாட்டம் இருக்குதுன்னு ஊரு பேசும். கல்யாணத்துல கேலி, சீர்ல கேலி, இழவு ஊட்டுலகூட மூணாம் நாள் ஆச்சுன்னா கேலி. அப்படிப்பட்ட முறைக்காரன் நான் வேலிக்கு வெளியில. அழுகறதுக்குன்னு வந்த ஒறம்பரைச் சொந்தமெல்லாம் சாளைக்கு உள்ளே. அவிய வந்து கட்டிலைச் சுத்தி உக்காந்து, எப்படி இருந்த பையன் இப்படி ஆயிட்டானேன்னு மூக்கைச் சிந்துவாங்க. அதெல்லாம் நோய்க்கு ஒண்ணும் பண்ணாது! சிரிப்புத்தான் பண்ணுமாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வேலி முள்ளையெல்லாம் புடுங்கி எறியலாம்னு இருந்துச்சு.

ஆனா என்ன செய்ய முடியும்? தங்கச்சி தாலி. அவ சொன்னா நான் நிக்கோணும். நின்னேன்.

யோசனை வர்றது மட்டும் நிக்கலை. பாழாப்போனது, அப்பத்தான் நிறைய வந்துச்சு. உரலுக்கும் உலக்கைக்கும் ஒரு சண்டை தோணுச்சு. திருவிழா முடிஞ்ச மறுநாள் தேர் என்ன நினைக்கும்னு ஒண்ணு தோணுச்சு. யாருகிட்டச் சொல்றது? மாட்டுகிட்டச் சொன்னேன். என்ற பொண்டாட்டிகிட்டச் சொன்னேன், "நல்லா இருக்குதுங்க"ன்னு சொன்னா. நல்லா இருக்குதாம். சிரிக்கத் தெரியாதவங்க சொல்ற வார்த்தை அது.

அவன் படம் போட்டுப் பாத்தான்னு பொறவு தெரிஞ்சுது. தங்கச்சி தண்ணிக்குப் போன நேரத்துல பலகையை மடியில வச்சு, பழைய ஆட்டுப் படத்தையே திருப்பி வரைஞ்சிருக்கான். கோடு நடுங்கித்தான் இருந்துச்சாம். ஆனா அது வேற நடுக்கம். அந்தப் படத்தை அவனே கிழிச்சு எருக்குழியில போட்டுட்டான்.

ஆடி போயி, ஐப்பசி மழை வந்து, தை நோம்பியும் முடிஞ்சுது. எங்க ஊட்டுப் பொங்கலை ஒரு போசியில போட்டுக் கடவுல வச்சுட்டு வந்தேன். தங்கச்சி எடுத்துக்கிட்டுப் போனா. நாளுக்கு நாள் தேறி வர்றான்னு ஒருத்தர் சொல்லுவாங்க, நூலாட்டம் ஆயிட்டான்னு இன்னொருத்தர் சொல்லுவாங்க. நான் முதல்ல சொன்னவங்களை மட்டும் நம்பினேன். சிரிக்காம இருக்கறான்ல, எப்படிப் புண்ணு ஆறாமப் போகும்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். அவன் சிரிக்காத ஒவ்வொரு நாளும் அவன் உசுருல சேந்து ஒட்டிக்கும்னு நினைச்சேன். நானும் சிரிப்பை விட்டுட்டேன். ஊர்ல என்னை என்ன சீக்கோன்னு கேட்டாங்க.

மாசி மாசம் உச்சி வெயில்ல கவலை இறைச்சுக்கிட்டிருக்கேன். தங்கச்சி காட்டுக்குள்ள நடந்து வர்றா, வேகமா. செருப்பில்லாம வந்தா. கிணத்து மேட்டுல ஏறி நின்னா.

"அண்ணா, வாங்க. வந்து அவரைச் சிரிக்க வைங்க."

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. மாட்டுக் கயித்தை அப்படியே போட்டுட்டேன். "டாக்டர் சரீன்னுட்டாரா அம்மிணி? புண்ணு ஆறிருச்சா?"

அவ முந்தானையை எடுத்து வாயில வச்சுக்கிட்டா. அப்புறம் எடுத்துட்டுத் தெளிவாத்தான் சொன்னா. "இனி நான் வந்து ஒண்ணும் ஆகறதுக்கில்லைன்னுட்டாருங்கண்ணா. எது கேட்டாலும் குடுங்கன்னாரு. இவரு உங்களைக் கேட்டாரு."

நான் அவளைத் திட்டினேன். என்ன திட்டினேன், ஏன் திட்டினேன்னெல்லாம் கேக்காதீங்க. இத்தனை மாசம் அவனைச் சிரிக்க விடாமப் போட்டு வச்சு என்னத்தைக் கண்டோம்னு கத்தினேன். நான் கத்தி முடிச்சதும், "வாங்கண்ணா"ன்னா.

கட்டில்ல இருந்தவன் அவன்தான்னு கண்ணைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். தலைமாட்டுல பலகை, காகிதம், மசிப் புட்டி எல்லாம் ரெடியா வச்சிருந்தான். "சொல்லு மச்சான், புதுசா"ன்னான். குரலே இல்லை, காத்துத்தான் வந்துச்சு.

நான் உக்காந்தேன். ஒண்ணும் வரலீங்க. உரல் வரலை, தேர் வரலை, அத்தனை மாசம் மாட்டுகிட்டச் சொன்னதுல ஒண்ணுகூட வரலை. மருந்துப் புட்டியைப் பாத்தேன். எச்சில் துப்பற சட்டியைப் பாத்தேன். ஒரு சாமானும் எனக்குக் குறை சொல்லலை. கண்ணுல பொலபொலன்னு தண்ணி ஊத்துது. அவன் என்னையே பாத்துட்டு, "அட ஏன்டா, அழுகறதுக்கு ஆளு வேணும்னா உன்னை எதுக்குக் கூப்பிடறேன்? ஒறம்பரை பூராம் அதுக்குத்தானே வந்துட்டுப் போகுது"ன்னான்.

அப்பத்தான் தங்கச்சி பேசினா. கட்டில் கால்கிட்ட உக்காந்திருந்தவ, கையில இருந்த முட்டையை உரிச்சுக்கிட்டே, யாரையும் பாக்காம, "நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?"ன்னா.

ரெண்டு பேரும் அவளைப் பாத்தோம். இத்தனை வருசத்துல அவ யோசனைன்னு ஒண்ணு சொன்னதே இல்லை.

"அண்ணன் சவுளிக் கடைக்குப் போறாரு. கோடிச் சேலை எடுக்க."

எங்க பக்கத்துல புருசன் செத்தா, பொறந்த ஊட்டுல இருந்து அண்ணன் தம்பிதான் கோடி கொண்டாந்து போடோணும். வெள்ளைச் சேலை. அதுக்கப்புறம் அவ வேற நிறம் கட்டக் கூடாது. அம்மிணின்னு நான் அதட்டப் போனேன். மாப்பிள்ளை கையைத் தூக்கி என்னை நிறுத்தினான். அவன் மூஞ்சியில பழைய கூர்மை வந்திருந்துச்சு.

அவ சொல்லிக்கிட்டே போறா. "கடைக்காரன் வெள்ளையா ஒண்ணை எடுத்து விரிக்கிறான். அண்ணனுக்குப் புடிக்கலை. இன்னொண்ணு விரிக்கிறான், வெள்ளைதான். அதுவும் புடிக்கலை. ஏணி போட்டு ஏறி, பரண் மேல இருக்கறதெல்லாம் எடுத்து வீசறான். கடை பூராம் வெள்ளையா மலையாட்டம் குவிஞ்சு கெடக்குது. அண்ணன் தலைப்பாவு மட்டும்தான் வெளியில தெரியுது. அப்பவும், 'இதைவிட எடுப்பா வேற கலர் இல்லீங்களா, எங்க அம்மிணி செகப்பா இருக்கும்'கிறாரு."

மாப்பிள்ளைக்கு உதடு துடிச்சுது. "பத்தாது"ன்னான். மூச்சு வாங்கிட்டு, "கடைசியில ஒண்ணைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வர்றான் மச்சான். சேலை எடுக்கறவங்க நிறம் தெரியறதுக்கு வெயில்ல கொண்டு போயிப் பாப்பாங்கல்ல... வெள்ளையை வெயில்ல புடிச்சு நிறம் பாக்கறான்!"

சொன்னவன் சிரிச்சுட்டான். என்ற தங்கச்சியும் சிரிச்சா. எனக்கும், அட கருமமே, எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. மூணு பேரும் சேந்து சிரிச்சது அதுதான் முதல் தடவை. கட்டில் ஆடுச்சு. சட்டுன்னு நாங்க ரெண்டு பேரும் நிறுத்திட்டு, இருமல் வருமேன்னு அவன் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தோம். இருமல் வரலை. இருமறதுக்குக்கூட உடம்புல ஒண்ணும் மிச்சம் இல்லை.

பலகையைக் கேட்டான். புடிச்சுக் குடுத்தேன். ஏணி ஒண்ணு போட்டான், கடைக்காரன் மூக்கு போட்டான், அதுக்குக் கீழே குவியலுக்கு ஒரே ஒரு வளைஞ்ச கோடு இழுத்தான். வெள்ளைச் சேலைக்கு மசி எதுக்கு, காகிதமே வெள்ளைதானேன்னு சொல்லிட்டுப் பேனாவை வச்சுட்டான். நீங்க ஒரு வாய் சாப்பிடுங்கன்னு தங்கச்சி முட்டையை நீட்டினா. பாதி சாப்பிட்டான்.

அந்த வாரம் முடியறதுக்குள்ள போயிட்டான். காலையில வெயில் ஏறையில, பால் குடுக்கப் போனவ கூப்பிட்டிருக்கா, எந்திரிக்கலை. அவன் இல்லாம எனக்கு எதைப் பாத்தாலும் ஒரு சிரிப்பும் வரலை, இன்னைக்கு வரைக்கும் வரலை. ஊரு கூடுச்சு. பெரியவங்க என்னைத் தனியாக் கூப்பிட்டு, "போயிக் கோடி எடுத்துட்டு வந்துருப்பா, பொழுது ஏறுது"ன்னாங்க.

வண்டியைப் பூட்டிக்கிட்டுப் போனேன். சவுளிக் கடைக்காரருக்கு என் மூஞ்சியைப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. வெள்ளைச் சேலை ஒண்ணை எடுத்து, மடிப்புக் கலைக்காம முன்னால வச்சாரு. அந்தச் சமயத்துல யாரும் விரிச்சுப் பாக்க மாட்டாங்க, விலைகூடப் பேச மாட்டாங்க. எடுத்துக்கிட்டு வந்தர்றதுதான் வழக்கம். எனக்கு அப்படி எடுக்க மனசு வரலை. இனி அவ சாகற வரைக்கும் இதுதானே கட்டப் போறா. வேற காட்டுங்கன்னேன். காட்டினாரு. இன்னொண்ணு கேட்டேன். கடையில இருந்தவங்கெல்லாம் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. கடைசியில ஒண்ணை எடுத்துக்கிட்டு, அத்தனை பேரும் பாக்க வாசலுக்கு வந்து, நடுத் தெருவுல நின்னு அதை விரிச்சேன்.

எழவு ஊட்டுல அவளை நடுவுல உக்கார வச்சிருந்தாங்க. சுத்திப் பொம்பளைக ஒப்பாரி வச்சு அழுதுக்கிட்டிருந்தாங்க. நான் குனிஞ்சு கோடியை அவ தோள்ல போட்டேன். அவ அழுகலை. முந்தி ஓரத்தை ரெண்டு விரல்ல புடிச்சு நெருடிப் பாத்தா. அந்தச் சத்தத்துல வேற யாருக்கும் கேக்காத மாதிரி, "வெயில்ல வச்சுப் பாத்தீங்களாண்ணா?"ன்னு கேட்டா.

பாத்தேன் அம்மிணின்னேன்.